சான்றிதழ் பின்னால் வந்த டீச்சர்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. அங்கே 5000 பெசோ நோட்டில் ஒரு பெண்ணின் முகம் இருக்கும். ராணி இல்லை, மந்திரி இல்லை. அவர் ஒரு ஸ்பானிஷ் டீச்சர். அந்த ஊர் மக்கள் பேசுவதே ஸ்பானிஷ்தான். நம்ம ஊர்ல தமிழ் டீச்சர்னு சொல்றோமே, அந்த மாதிரி. கேப்ரியேலா மிஸ்ட்ரல் என்று உலகம் அறிந்த அவரை இன்றைக்கு நினைத்துப் பார்ப்போம்.

1889இல் பிறந்தார். மூணு வயசில் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா துணி தைத்தார். அக்கா கிராமத்து டீச்சர். அந்த இரண்டு பெண்கள்தான் வளர்த்தார்கள். படிக்கிற காலத்தில், பள்ளிக்கூடத் தாள்களைத் திருடியதாக வீண்பழி சுமத்தினார்கள். பிறகு ஆசிரியர் பயிற்சியில் சேரப் போனார். பத்திரிகையில் அவர் எழுதியதைக் காரணம் காட்டி, இடம் இல்லை என்றார்கள்.

அதற்காகச் சும்மா உட்காரவில்லை. 15 வயசிலேயே உதவி ஆசிரியை ஆனவர், தானே படித்து 1910இல் ஆசிரியர் தேர்வில் தேறினார். லாஸ் ஆண்டெஸ் ஊரில் 1912 முதல் 1918 வரை ஸ்பானிஷ் நடத்தினார். 1921இல் தலைநகரில் தலைமையாசிரியை ஆனபோது, "பட்டம் படிக்காதவளுக்கு இந்தப் பதவியா?" என்று எதிர்த்தார்கள். மறு வருஷமே மெக்சிகோ அரசு, கல்விப் பணிக்கு அவரை அழைத்துக்கொண்டது. அங்கே பெண்களுக்கென்றே ஒரு வாசிப்புப் புத்தகம் தொகுத்தார்.

சிலி பல்கலைக்கழகம் ஸ்பானிஷ் ஆசிரியை என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தது எப்போது தெரியுமா? 1923இல்! பதினைந்து வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தின பிறகு. 1945இல் கவிதைக்காக நோபல் பரிசு. லத்தீன் அமெரிக்காவில் இலக்கியத்துக்கு அந்தப் பரிசு வாங்கிய முதல் ஆள் அவர்தான். 1957இல் காலமானார். தென் அமெரிக்காவில் தன் புத்தகங்கள் விற்று வரும் பணம், தான் வளர்ந்த மாண்டெகிராண்டே கிராமத்து ஏழைக் குழந்தைகளுக்கே என்று உயில் எழுதி வைத்திருந்தார்.

சகோதரிகளே, "நான் படிக்காதவ, எனக்கு என்ன தெரியும்"னு நம்ம கூட்டங்கள்ல எத்தனை பேர் சொல்றோம்! தீர்மான நோட்டை ஒரே ஆள் எழுதுகிறார். மற்றவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். நம்ம பெயரில் கடன், நம்ம சேமிப்பு; ஆனால் அதில் என்ன எழுதியிருக்குன்னு நமக்குத் தெரியாது. இது சரியா?

அடுத்த கூட்டத்திலிருந்து மாதம் ஒருவர் தீர்மானத்தை எழுதுவோம். எழுத்துக் கூட்டியாவது ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். பிழை வந்தால் வரட்டும், பக்கத்தில் இருப்பவர் திருத்தட்டும். அங்கே அவர்தான் டீச்சர். அதற்குச் சான்றிதழ் யாரும் கேட்க மாட்டார்கள்.