ஒரே கப்பலில்

(பூவரசங்குளத்தில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கடலே தெரியாத பூவரசங்குளத்தில் நின்று கப்பலைப் பற்றிப் பேசப்போகிறோம். வவுனியா–மன்னார் வீதியில் பஸ்ஸுக்குக் காத்துநின்ற எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப்பேர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு மயாமியில் கூடி, ஏழு நாள் உல்லாசக் கப்பல் ஒன்றில் ஏறினோம்.

கடலைவிட, கூட வந்த சனங்களைப் பார்ப்பதுதான் எங்களுக்குப் புதினமாக இருந்தது. விடிய ஆறு மணிக்கே நீச்சல் தடாகத்தைச் சுற்றியுள்ள கதிரைகளில் துவாயை விரித்துவிட்டுப் போவார்கள். பத்து மணிவரை ஆள் வராது. சாப்பாட்டை மலைபோல அள்ளி, பாதியை மேசையில் விட்டு எழும்புவார்கள். லிஃப்ற் கதவு திறந்தால், உள்ளே நிற்பவர் இறங்குமுன் ஏறுவார்கள். "இவ்வளவு காசு கட்டியும் ஒரு கதிரைக்கு அடிபடுகுதுகளே" என்று முதல்நாள் சிரித்தோம். மூன்றாம் நாள் விடிய எங்கள் எட்டுத் துவாய்களும் கதிரைகளில் கிடந்தன.

அது சிறிய பிழை. பெரிய பிழை நான்காம் இரவு நடந்தது. எங்களில் ஒருத்திக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். கப்பலின் மருத்துவ நிலையத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அறைக்குள் தனித்திருக்க வேண்டும். மறுநாள் தீவு பார்க்கும் பயணமும் போய்விடும். "சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை" என்று எங்களுக்குள்ளேயே சமாளித்தோம். வைத்தியம் படித்தவர்களும் அந்த அறையில் இருந்தோம் என்பதை இந்த மேடையில் மறைக்க விரும்பவில்லை.

நோரோ வைரஸ் பற்றி எங்களுக்குத் தெரியாததல்ல. மிகச் சில துகள்களே தொற்றப் போதும். கைக்குப் பூசும் அற்ககோல் திரவம் அதற்குச் சரிவராது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் வேண்டும். நோய் அடங்கிய பிறகும் 48 மணித்தியாலம் ஒதுங்கி இருக்க வேண்டும்.

அறை துப்புரவாக்க வந்த இந்தோனேசியத் தம்பி, கம்பளத்தை முழந்தாளில் நின்று துடைத்தபடி, "அம்மாவுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றோம். அவர் நம்பினார். இரண்டு நாளின் பின் வேறொருவர் வந்தார். அந்தத் தம்பி வாந்தியோடு படுத்திருப்பதாகச் சொன்னார். எங்களிடமிருந்துதான் தொற்றியது என்று எவராலும் நிரூபிக்க முடியாது. அது எங்களுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. மாதக்கணக்கில் வார விடுமுறை இல்லாமல் உழைப்பவர்கள் அவர்கள். பிறகுதான் மருத்துவ நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொன்னோம்.

2020 பெப்ரவரியில் யப்பானின் யோக்கோகாமாவில் மறிக்கப்பட்ட டயமண்ட் பிரின்செஸ் கப்பலை நினைத்துப் பாருங்கள். 3,711 பேர் இருந்த அக்கப்பலில் 700க்கு மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியது. பயணிகள் அறைக்குள் இருந்தபோது, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் பணியாளர்கள். ஒரு கப்பலில் தனிச்சுகம் என்று ஒன்று கிடையாது.

இதை நாங்கள் கடலில் போய்ப் படிக்க வேண்டியிருக்கவில்லை. இந்தப் பாடசாலையின் குழாய்க்கிணற்றடியை நினைவிருக்கிறதா? கை கழுவியவள் உடனே ஓடக்கூடாது. பின்னால் நிற்பவளுக்கு அடித்துக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். தொண்ணூறுகளில் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளால் வரிசை நீண்டபோதும் அந்த ஒழுங்கு குலையவில்லை. தண்ணீர் குறைவாக இருந்த இடத்தில் அடுத்தவளை நினைத்த நாங்கள், எல்லாம் நிறைந்திருந்த இடத்தில் மறந்துபோனோம்.

2023 யூனில் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கும் வந்தது. இனி எங்கள் தங்கைமாரும் பிள்ளைகளும் ஏறுவார்கள். சந்தோசமாக ஏறுங்கள். கதிரையை விட்டு எழும்பினால் துவாயையும் எடுங்கள். அறை துடைப்பவரின் பெயரைக் கேட்டு அறியுங்கள். வருத்தம் வந்தால் முதல் மணித்தியாலத்திலேயே சொல்லுங்கள். ஒரு தீவு பார்க்காமல் போனால் ஒன்றும் குறையாது.

அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கக் கடைசிநாள் தேடினோம். அவரைக் காண விடவில்லை. ஒரு கடிதம் எழுதி, எட்டுப் பேரும் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு இறங்கினோம்.

நூறு ஆண்டு கண்ட எங்கள் பாடசாலை வாழ்க. அந்தக் கிணற்றடி ஒழுங்கும் வாழ்க.