ஒலிபெருக்கிக்கு முன் ஒரு சொல்
(காக்களூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்த அந்தி நேரத்திலே, எண்ணெய்க் கறை கழுவியும் கழுவாத கரங்களோடு தொழிற்பேட்டையிலிருந்து நேரே இங்கு வந்திருக்கிறீர்கள். உங்களிடத்திலே கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றியா பேசப் போகிறான் இவன் என்று எண்ணாதீர்கள். பந்தைப் பற்றியல்ல, சொல்லைப் பற்றிப் பேச வந்தேன். சொல்லால் வேலை இழந்த ஒருவரைப் பற்றிப் பேச வந்தேன்.

1986 செப்டம்பர். சென்னைச் சேப்பாக்கம் திடல். டீன் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் மட்டை ஏந்தி நிற்கிறார். வெயிலோ கொதிக்கிறது, வயிறு குமட்டுகிறது, தசைகள் பிடித்து இழுக்கின்றன. போதும், போகிறேன் என்கிறார். அணித் தலைவர் ஆலன் பார்டர் பரிவு காட்டவில்லை. உன்னைவிட உறுதியானவனை அனுப்பட்டுமா என்று குத்திக் காட்டுகிறார். ஜோன்ஸ் நின்றார்! 210 ஓட்டங்கள் எடுத்தார்! பிறகுதான் மருத்துவமனை சென்றார். அந்த ஆட்டம் இரு அணியும் ஒரே எண்ணிக்கையில் நிற்கச் சமனாக முடிந்தது. டெஸ்ட் வரலாற்றிலே அப்படி நேர்ந்தது அதுவரை ஒரே ஒரு முறைதான்.

சென்னை கைதட்டிப் பாராட்டிய அந்த வீரர், மட்டையை வைத்துவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்; நேர்முக வர்ணனையாளரானார்.

2006 ஆகஸ்டு, கொழும்பு. இலங்கையும் தென்னாப்பிரிக்காவும் ஆடுகின்றன. ஹாஷிம் அம்லா ஒரு பந்தைப் பிடித்து, சங்கக்காராவை ஆட்டமிழக்கச் செய்கிறார். யார் இந்த அம்லா? குஜராத்திலிருந்து கடல் கடந்த குடும்பத்தின் வழித்தோன்றல். தென்னாப்பிரிக்க அணியில் இடம்பெற்ற முதல் இந்திய வம்சாவளியினர். தாடி வளர்த்த இஸ்லாமியர். பயங்கரவாதிக்கு இன்னொரு விக்கெட் கிடைத்தது என்றார் ஜோன்ஸ்.

விளம்பர வேளை, யார் காதிலும் விழாது என்று நினைத்தார். தென்னாப்பிரிக்காவிலே வீடு வீடாக ஒலித்துவிட்டது! டென் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் அவரை உடனே வேலையிலிருந்து நீக்கியது. அவர் மன்னிப்புக் கேட்டார், அம்லா ஏற்றுக்கொண்டார்.

ஒலிபெருக்கி மூடியிருந்தால் அந்தச் சொல் தூய்மையாகிவிடுமா, தோழர்களே? ஆகாது! முகத்தில் தாடி கண்டால் மனத்தில் பழி எழுகிறதே, அந்த நோய் திரை மறைவிலும் நோய்தான். தண்டனை முறையே என்பேன்.

ஆனால், வர்ணனையாளர் வேலை இழந்தால் அது என்றும் நீதிதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2016-இல் ஹர்ஷா போக்ளே ஐ.பி.எல். வர்ணனையிலிருந்து விலக்கப்பட்டார். ஏன் என்று எனக்கே தெரியாது, ஆட்டக்காரர்கள் குறை சொன்னதால் இருக்காது என நம்புகிறேன் என்று அவரே எழுதினார். 2020 மார்ச்சில் சஞ்சய் மஞ்ச்ரேக்கரைக் கிரிக்கெட் வாரியம் தன் வர்ணனையாளர் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. முந்தைய ஆண்டு அவர், ரவீந்திர ஜடேஜாவைத் துண்டு துணுக்கு ஆட்டக்காரர் என்று விமர்சித்திருந்தார். அதனால்தானா? வேறு காரணமா? வாரியத்துக்கு என் வேலை பிடிக்கவில்லை போலும் என்று அவரும் ஊகம்தான் செய்தார்.

வேறுபாட்டைப் பாருங்கள். ஜோன்ஸ் சொன்னது ஒரு மனிதனின் மதத்தின்மேல் வீசிய கல். மஞ்ச்ரேக்கர் சொன்னது ஓர் ஆட்டத்தைப் பற்றிய கருத்து. கடுமையாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம், ஆனால் கருத்து. ஜோன்ஸுக்குக் குற்றம் இன்னதென்று தெரிந்தது. மற்ற இருவருக்கும் கதவு சாத்தப்பட்டது தெரிந்தது, காரணம் தெரியவில்லை.

காரணம் கூறாமல் வேலையைப் பறிப்பது என்னவென்று காக்களூருக்கா நான் கற்பிக்க வேண்டும்? நாளை முதல் வரவேண்டாம் என்ற ஒரே வரியில் வீட்டுக்கு அனுப்பப்படும் ஒப்பந்தத் தொழிலாளியைக் கேளுங்கள்! குற்றத்தைச் சொல், விளக்கம் கேள், பிறகு தீர்ப்பளி. உழைப்பாளி போராடிப் பெற்ற இந்த நெறி, கோட்டு அணிந்த வர்ணனையாளருக்கும் உரியதே.

இப்போது என் கதை. கல்லூரியைப் பாதியில் விட்டு நாடகமாட வந்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்தல் மேடையிலே, வடபுலத்திலிருந்து வந்து நம் ஆலைகளிலே வியர்வை சிந்தும் இளைஞர்களின் கொச்சைத் தமிழை நடித்துக் காட்டினேன். சிரிப்பொலி! கையொலி! இறங்கி வந்தேன். பந்தலுக்குக் கம்பம் நட்ட ஒடிசா இளைஞர் ஒருவர் தேநீர்க் குவளையை நீட்டி, "அண்ணா, நல்லா பேசினாங்க" என்றார். நான் மேடையிலே நடித்துக் காட்டிய அதே தமிழ்! தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

எனக்கு எவரும் வேலைநீக்க ஓலை தரவில்லை, தோழர்களே! மறுநாளே வேறு ஊரில் மேடை தந்தார்கள். ஜோன்ஸைக் குறை சொல்லும் தகுதி எனக்குண்டா? அவரைப் போல நானும் மன்னிப்புக் கேட்டால்தான் உண்டு. அதை இங்கே, உங்கள் முன்னால் கேட்கிறேன்.

2008-இல் அதே சேப்பாக்கத்தில் அம்லா 159 ஓட்டங்கள் எடுத்தார். ஜோன்ஸும் மீண்டும் ஒலிபெருக்கி முன் அமர்ந்தார். 2020 செப்டம்பர் 24 அன்று, வர்ணனைப் பணிக்காக மும்பையில் தங்கியிருந்தபோது, 59 வயதில் மறைந்தார். தண்டனை இருந்தது, திரும்பி வரும் வழியும் இருந்தது. அதுவே முறை.

ஆகவே ஒன்று வேண்டுகிறேன். மேடையிலே நிற்கும் எவனும், நானே ஆயினும், எளியவனைப் பார்த்து இழிசொல் வீசினால் கைதட்டாதீர்கள். கை உயர்த்தி, "நிறுத்து!" என்று கூறுங்கள்.