இந்த பேரிங் இன்னும் எத்தனை நாள்?

ஓடுகிற மோட்டாரின் பேரிங் இருக்கும் இடத்தில் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்து மெக்கானிக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். "உள்ளே கரகரங்குது, ரொம்ப நாள் தாங்காது" என்பார். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டுப் பாருங்கள், மழுப்புவார். அந்தக் கேள்விக்குப் பொறியியல் படித்தவர்களும் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் பதில் சொல்கிறார்கள்.

கணக்கு இல்லாமல் இல்லை. ஸ்வீடன் நாட்டு அர்விட் பால்ம்கிரென் 1924-லேயே ஒரு சூத்திரம் கொடுத்துவிட்டார். பால் பேரிங்கின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகக் குறையாது. எட்டில் ஒரு பங்காகிவிடும். பெல்ட்டை முறுக்கி முறுக்கி இறுக்கி, பேரிங்கின் மேல் பாரம் ஏற்றுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். அந்தக் கணக்கு தருகிற ஆயுள், நூற்றில் 90 பேரிங்குகள் தாண்டிவிடும் என்கிற அளவு. உங்கள் மோட்டாரில் இருப்பது அந்தத் தொண்ணூறில் ஒன்றா, மிச்சப் பத்தில் ஒன்றா? சூத்திரம் அதைச் சொல்லாது.

பிரான்சின் பெஸான்சோன் நகரத்து ஆய்வகம் ஒன்று பேரிங்குகளின் ஆயுளைச் சோதித்துப் பார்த்தது. வருடக்கணக்கில் காத்திருக்க முடியாதே! அதனால் 17 சிறிய பேரிங்குகளின் மேல் அளவுக்கு மீறிய பாரம் ஏற்றி, சில மணி நேரத்திலேயே தேய வைத்தார்கள். அவற்றில் இரண்டைப் பாருங்கள். ஒரே ரகம், ஒரே பாரம், நிமிடத்துக்கு 1800 சுற்று என்ற ஒரே வேகம். ஒன்று ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஓடியது. மற்றது இரண்டரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாசுத் துணுக்கு எங்கே புதைந்திருக்கிறது என்பதே இப்படி ஆயுளை மாற்றிவிடும். அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பி, மேலே வந்து, தோல் உரிவதுபோல் உலோகம் பெயர்கிறது.

பெயர்ந்த பள்ளத்தின் மேல் ஒவ்வொரு குண்டும் ஏறி இறங்கும்போது ஒரு தட்டு விழும். குண்டுகளின் எண்ணிக்கையும் சுழலும் வேகமும் தெரிந்தால், தட்டு விழுகிற கதியை வைத்தே காயம் உள்வளையத்திலா வெளிவளையத்திலா என்று சொல்லிவிடலாம். அதிர்வு அளக்கும் உணரி செய்வது இதைத்தான். ஸ்க்ரூடிரைவர் வேலையேதான், கூர்மை அதிகம். ஆனால் இடத்தைச் சொல்வது வேறு, நாளைச் சொல்வது வேறு. அதிர்வு நெடுநேரம் ஏறாமல் கிடந்துவிட்டு, கடைசியில் திடுமென எகிறுவதும் உண்டு. இன்னொரு சிக்கல்: ஆலைகளில் பேரிங் உடையும்வரை யாரும் விட்டுவைப்பதில்லை. சந்தேகம் வந்ததுமே கழற்றிவிடுகிறார்கள், நியாயம்தான். ஆனால் விட்டிருந்தால் அது எவ்வளவு நாள் ஓடியிருக்கும் என்பது அத்தோடு போயிற்று. அதிர்வைப் பார்த்து மிச்ச ஆயுளைக் கணிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்றால், முழு ஆயுள் பதிவு கிடைப்பதில்லை. ஒரே ஒரு தேதியை அடித்துச் சொல்கிற கருவியை நான் நம்பமாட்டேன். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்று சொல்லட்டும், யோசிக்கிறேன்.

பெஸான்சோன் பதிவுகளை வைத்து 2012-ல் ஒரு போட்டி நடந்தது. பாதியில் நிறுத்திய பதிவைக் கொடுத்து, மிச்ச ஆயுளைச் சொல்லச் சொன்னார்கள். உண்மையைவிட 20 சதவீதம் குறைத்துச் சொன்னவருக்குப் பாதி மதிப்பெண். கூட்டிச் சொன்னவருக்கோ 5 சதவீதத்திலேயே பாதி போய்விட்டது. ஓரவஞ்சனை என்று தோன்றலாம். ஆனால் நல்ல பேரிங்கை முன்கூட்டியே கழற்றினால் நட்டம் அதன் விலையோடு போகும். ஓட்டத்தில் ஜாம் ஆனால் ஷாஃப்ட் தேயும், காயில் எரியும், அன்றைய உற்பத்தியும் நின்றுபோகும்.