இரண்டு திருகுகள்



புரொஜெக்டர் திரையில் அலையலையாகக் கோடு ஓடினால், "கேபிள் போயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்கிறோம். அதுவரை கடைசி வரிசைப் பிள்ளைக்கு எழுத்தே தெரிவதில்லை. வாங்குமுன் அந்த 15 ஊசி விஜிஏ இணைப்பியின் இருபுறத் திருகுகளைப் பாருங்கள். அவை கேபிள் கழன்று விழாமலிருக்க மட்டும் அல்ல. உள்ளே கம்பிகளைச் சுற்றி உலோகக் கவசம் ஒன்று உண்டு. அது இணைப்பியின் உலோகக் கூடு வழியாகக் கருவியின் உடலை நன்றாகத் தொட்டிருந்தால்தான் வெளி இரைச்சல் சமிக்ஞையில் கலக்காது. திருகு தளர்ந்தால் கவசத்தில் ஓட்டை விழுந்த மாதிரிதான்.

வகுப்பிலேயே காட்டலாம். சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பாடவிட்டு, எவர்சில்வர் சம்புடத்துக்குள் வைத்து இறுக மூடுங்கள். பாட்டு அடங்கி வெறும் இரைச்சல் கேட்கும். மூடியை எவ்வளவு திறந்தால் பாட்டு திரும்புகிறது என்று பிள்ளைகளே பார்க்கட்டும். (மைக்கேல் ஃபாரடே 1836இல் உலோகத் தாள் போர்த்திய அறையையே கட்டிப் பார்த்தார், நமக்குச் சம்புடம் போதும்.)

காலை வழிபாட்டில் ஒலிபெருக்கி 'ம்ம்ம்' என்று முனகுகிறதா? மைக் வயரை மின்வயரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டையும் ஓர் அடியாவது விலக்கிப் போடுங்கள். கடந்தே ஆகவேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

திருகுகளை, கருவியை அணைத்துவிட்டு, விரலால் இறுக்கினாலே போதும். ஸ்க்ரூடிரைவர் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். பிறகு உண்மையிலேயே புது கேபிள்தான்.