கண்மாய் மீன் யாருக்கு?

(கம்பம் பள்ளத்தாக்கில் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மேற்கே மலை, கீழே வைகை அணை. கடலைக் காண்பதற்கு இராமநாதபுரம் போகவேண்டும். இங்கே வந்து மீனைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம்.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் கணக்கைப் பாருங்கள். 2022-ம் வருஷத்தில் உலகத்தில் வளர்த்து எடுத்த மீனும் இறாலும் 9 கோடியே 44 லட்சம் டன். கடலிலும் ஆற்றிலும் பிடித்தது 9 கோடியே 10 லட்சம் டன். வளர்ப்பு மீன் பிடிமீனை முந்தியது இதுவே முதல் தடவை. இதன் பொருள் என்ன? இனிமேல் மீன் யாருக்கு என்றால், குளம் யாருக்கு என்றே அர்த்தம்.

நாகைக் கடற்கரையில் 1990-களில் நடந்ததை மறந்துவிடலாகாது. நஞ்சையிலே இறால் பண்ணை போட்டார்கள். உப்பு நீர் கிணற்றில் இறங்கியது. நடவும் அறுப்பும் போயிற்று. இறால் வெளிநாட்டுக்குப் போயிற்று, கூலிக்காரன் குடிதண்ணீருக்கு அலைந்தான். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 11-ல் கோர்ட்டு அந்தப் பண்ணைகளை அகற்றச் சொன்னது. வேலை இழக்கும் தொழிலாளிக்கு நஷ்டஈடும் தரச் சொன்னது. ஆனால் 2005-ல் வந்த சட்டம் பண்ணைகளுக்கு மறுபடியும் கதவைத் திறந்துவிட்டது!

மீன் வளர்ப்பே கெடுதல் என்று நான் சொல்லவரவில்லை. கெண்டை இனத்தைப் பாருங்கள். கட்லா மேல்நீரில் மேயும், ரோகு நடுநீரில், மிர்கால் அடியில். ஒன்றின் தீனியில் மற்றது அதிகம் வாய் வைக்காது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் போதும். இவை ஓடாத தண்ணீரில் தானாக முட்டையிடா. ஒரு காலத்தில் ஆற்றில் குஞ்சு அரித்துத்தான் வளர்த்தார்கள். 1957-ல் ஒரிசாவில் ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார். அதன் பிறகே குஞ்சு எல்லா ஊருக்கும் கிடைத்தது. 1959-ல் திறந்த நம் வைகை அணையிலும் இந்த மீன்கள்தாம் வலையில் விழுகின்றன. (அயிரை ஒரு காலத்தில் வாய்க்காலில் ஏழை துண்டு விரித்துப் பிடித்த மீன், இன்று அது ஹோட்டலில் பணக்காரன் சாப்பாடு!)

ஆக, வித்தை இருக்கிறது. பெரியாற்றுத் தண்ணீரும் இருக்கிறது. தகராறு மீன்பாசி ஏலத்தில்தான். கையில் பணம் உள்ளவன் ஏலம் எடுக்கிறான். குத்தகை முடிவதற்குள் போட்டதை எடுக்கவேண்டும் என்று அவசரப்படுகிறான். மீனுக்காக மடையைத் திறந்து தண்ணீரை வடித்தால், கடைமடைப் பயிர் காய்கிறது. பயிர் காய்ந்தால் களையெடுப்புக் கூலி யாருக்குப் போகும்? சில இடங்களில், 2000-ம் வருஷமே தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திருட்டுத்தனமாக விட்டு, கோழிக்கழிவைக் கொட்டுகிறார்கள். அது கண்மாயின் நாட்டு மீனையெல்லாம் தின்றுவிடும்.

கரையைக் கட்டுவது நாம், மடை தூர்வாருவது நாம். கண்மாயை உள்ளூர் மீனவர், கூலிக்காரர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடு, பாசனம் முடிந்தபிறகே மீன் பிடி, கெளுத்தி விடாதே, உள்ளூர்க்காரனுக்கு முதலில் விற்பனை செய்: இவை நம் கோரிக்கைகள். ஏல அறிவிப்பு எப்போது வரும் என்று பஞ்சாயத்து ஆபீசில் இப்போதே கேட்டு வையுங்கள். அன்றைக்கு ஷிப்டு இல்லாத தோழர்கள் ஆலையிலிருந்தும் வரவேண்டும்.