மனை வியாபாரமும் தொழிலாளி வர்க்கமும்

(தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)

ஷிப்டு முடிந்து வாசலுக்கு வருகிற போதெல்லாம் நம் கையில் ஒரு நோட்டீஸ் திணிக்கப்படுகிறது. "இன்றே மனை வாங்குங்கள், மூன்றே வருஷத்தில் இரட்டிப்பு லாபம்" என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இலவச வேன் வரும். மத்தியானம் சாப்பாடு உண்டு. அன்றே அட்வான்ஸ் கொடுத்தால் தங்கக் காசும் உண்டு. நம்மில் சிலர் போய்ப் பார்த்து வந்திருக்கிறோம். சிலர் பிராவிடண்ட் பண்டிலிருந்து பணம் எடுக்க மனுவும் எழுதி வைத்திருக்கிறோம். ஆகவேதான் இன்று இதைப்பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். குடியிருக்க ஒரு மனை வேண்டுமென்று தொழிலாளி ஆசைப்படுவது குற்றமல்ல. வாடகை வீட்டில் வருஷத்துக்கொரு முறை சாமான்களைத் தூக்கிக்கொண்டு அலைகிற குடும்பத்துக்கு அந்த ஆசை இல்லாமல் இருக்குமா? ஆனால் குடியிருக்க மனை வாங்குவது ஒன்று. விற்று லாபம் பார்க்க மனை வாங்குவது வேறொன்று. நோட்டீஸ் அடிக்கிறவர்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். நாம் குழம்பலாகாது.

விலையை உயர்த்துவது யார்?

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சாலைக்கும் பொது இடத்துக்கும் விட்டது போக 26,000 சதுர அடி விற்பனைக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் தாங்காத விவசாயியிடம் அந்த ஏக்கரை 40 லட்சம் ரூபாய்க்கு வாங்குகிறார்கள். சதுர அடி 600 ரூபாய் என்று விற்றால் கிடைப்பது 1 கோடியே 56 லட்சம். சாலை போட, கல் நட, அனுமதி வாங்க, விளம்பரம் செய்ய 26 லட்சம் செலவு என்று தாராளமாகவே கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும் 90 லட்சம் மிஞ்சுகிறது!

இந்த 90 லட்சம் எங்கிருந்து வந்தது? அந்த மண்ணில் எவரும் ஒரு மூட்டை நெல் கூட அதிகமாக விளைவிக்கவில்லை. பக்கத்தில் சர்க்கார் சாலை போட்டது. பஸ் விட்டது. மின்சாரக் கம்பி இழுத்தது. எல்லாம் ஜனங்களின் வரிப்பணம், தொழிலாளியின் உழைப்பு. அந்த உழைப்பினால் ஏறிய விலையை ஒருவர் சுருட்டிக்கொள்கிறார். நிலத்தை இழந்த விவசாயி அதே மனைப்பிரிவில் காவற்காரராக நிற்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம்.

"நாமும் ஒன்று வாங்கி விற்றால் என்ன?" என்று ஒரு தோழர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். நோட்டீஸில் போட்ட விலை, விற்கிறவர் கேட்கிற விலை. நாம் விற்கப் போகும்போது அந்த விலை கிடைக்குமா? ஒரு சோதனை சொல்கிறோம். "போன வருஷம் உங்களிடம் வாங்கியவரிடமிருந்து இன்றைய விலைக்கு மனையைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" என்று அந்தத் தரகரையே கேளுங்கள். அவர் பேச்சை மாற்றுவார்.

செலவையும் மறந்துவிட வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 1,200 சதுர அடியை 7,20,000 ரூபாய்க்கு வாங்கினால் இது மட்டும் 64,800 ரூபாய். (10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, குடியிருக்க வாங்குகிறவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.) இந்தச் செலவும் கடன் வட்டியும் ஏறிய பிறகுதான் லாபம் என்ற பேச்சே வரும். அந்த லாபமும் யார் பையிலிருந்து வரும்? நமக்குப் பின்னால் வாசலுக்கு வரும் இன்னொரு தொழிலாளியின் பையிலிருந்து!

பத்திரம் மட்டும் போதுமா?

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் மாதம் 3,000 வீதம் 60 மாதம் தவணை கட்டினார். மொத்தம் 1,80,000 ரூபாய். கிரையப் பத்திரமும் பதிவாயிற்று. மனைவியின் வளையலை விற்று வீடு கட்டப் போனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. கிராமக் கணக்கில் அந்த இடம் ஏரிப் புறம்போக்கு. பத்திரம் பெட்டியில் இருக்கிறது. மனை இல்லை. தவணை வாங்கியவர்களின் ஆபீசில் இன்று வேறு கடை நடக்கிறது.

பத்திரம் பதிவாகிவிட்டதனாலேயே நிலம் நமதாகிவிடாது. விற்றவருக்கு அதில் உரிமை இருந்ததா என்பதே கேள்வி. ஆகவே ஒரு பைசா கொடுக்குமுன் கீழ்க்கண்டவற்றைப் பார்த்தாக வேண்டும்.

ஒன்று, தாய்ப் பத்திரம். விற்பவருக்கு நிலம் யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று குறைந்தது 30 வருஷத்துக்குச் சங்கிலி அறாமல் வர வேண்டும். வாரிசுகளில் ஒரு சகோதரி கையெழுத்து விட்டுப்போயிருந்தாலும் நாளை வழக்கு வரும்.

இரண்டு, வில்லங்கச் சான்று. பதிவான கிரையம், அடமானம் எல்லாம் இதில் தெரியும். பதிவாகாத உயில் தெரியாது. ஆகவே இது ஒன்றையே நம்பக் கூடாது.

மூன்று, பட்டா, சிட்டா, அ பதிவேடு, புலப்படம். பட்டாவில் இருக்கும் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா? அ பதிவேட்டில் அந்த சர்வே எண் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா? ஏழைத் தோழரை ஏரியில் இறக்கியது இந்த ஒரு வரியைப் பார்க்காததுதான்.

நான்கு, அனுமதி. பஞ்சாயத்துத் தலைவர் போட்ட முத்திரை மனைப்பிரிவு அனுமதி ஆகாது. நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். சென்னையைச் சுற்றி என்றால் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பதிவைத் தடுத்தபோது திண்டாடியவர்கள் யார்? தவணை கட்டிய சாமானியர்கள்தான். 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அபராதம்போல் அந்தக் கட்டணத்தையும் அவர்கள் தலையிலேயே கட்டினார்கள்.

ஐந்து, ரியல் எஸ்டேட் சட்டப் பதிவு எண். 2016-ம் வருஷத்திய மத்தியச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யக் கூடாது. பதிவான ஒப்பந்தமின்றி விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அன்றே பணம் கேட்டு நெருக்குகிறவரிடம் இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள்.

ஆறு, பவர் பத்திரம். பொது அதிகாரப் பத்திரத்தை வைத்துக்கொண்டு கைமாற்றுவதால் உரிமை கைமாறாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்துவிட்டது. பதிவான கிரையம்தான் செல்லும்.

பாதிப் பணத்தைப் பத்திரத்தில் எழுதாமல் கையில் கொடுங்கள் என்று எவராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அவருடைய கறுப்புப் பணத்துக்கு நாம் சாட்சியில்லாத பங்காளி ஆகலாகாது. தகராறு வந்தால் நமக்குத் திரும்பிவரக்கூடியது எழுதிய பணம் மட்டுமே.

மண்ணின் கதை

தோழர்களே! இந்தக் கணக்குகளைப் படிக்கப் படிக்க வேறொரு கதையும் தெரியவரும். செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமன்ஹீர் என்ற வெள்ளைக்காரர் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப்பற்றி அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892-ல் அன்றைய சர்க்கார் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. அதுவே பஞ்சமி நிலம். முதல் 10 வருஷம் எவருக்கும் விற்கலாகாது. அதற்குப் பின்னும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படிப்பட்ட நிலங்கள் எத்தனையோ கைமாறிவிட்டன. பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் டி.சி. நிலம் என்றிருந்தால் அதை வாங்குவது நமக்கு நஷ்டம் மாத்திரமல்ல; கொள்ளையடிக்கப்பட்ட சகோதரனுடைய சொத்துக்கு நாம் விலை பேசுவதாகும். பூதான நிலமும் கோயில் நிலமும் அவ்விதமே விசாரித்துப் பார்க்க வேண்டியவை.

நமது கடமை

குடியிருப்புப் பிரச்னையைப்பற்றி எங்கெல்ஸ் 1872-லேயே எழுதினார். தொழிலாளிக்குச் சின்னஞ்சிறு சொந்த வீட்டைக் காட்டிக் கடனில் பூட்டிவிடுவதால் அந்தப் பிரச்னை தீராது என்று அவர் வாதிட்டார். அவர் சொன்னதை நம் கண் முன்னால் பார்க்கிறோம். தவணை பாக்கியுள்ள தொழிலாளி வேலைநிறுத்த நோட்டீஸில் கையெழுத்திடத் தயங்குகிறான். முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதே சமயம், போராட்டம் பலன் தரும் என்பதற்கும் சாட்சி உண்டு. பண்ணையார் விரட்டினால் நடுத்தெருவில் நிற்க வேண்டியிருந்த விவசாயத் தொழிலாளி குடும்பங்களுக்கு, தாங்கள் குடியிருந்த மனையே சொந்தம் என்று 1971-ல் சட்டம் வந்தது. கீழத்தஞ்சையில் செங்கொடியின் கீழ் பல்லாண்டு நடந்த போராட்டமின்றி அது வந்திருக்குமா? தரகரின் வேனில் ஏறி அந்த உரிமை வரவில்லை!

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். குடியிருக்க மனை வாங்க நினைக்கும் தோழர் தனியாகப் போகக் கூடாது. காகிதங்களைச் சங்க ஆபீசுக்குக் கொண்டுவரட்டும், வக்கீல் தோழரை வைத்து எல்லோருமாகப் பார்ப்போம். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மூலையில் உட்கார வேண்டாம். ஒரே மனைப்பிரிவில் பணம் போட்டவர்களை ஒன்றுசேர்த்துக் கூட்டாகப் புகார் கொடுப்போம். வீடற்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் சர்க்கார் மனைப் பட்டா வழங்க வேண்டும் என்ற கோரிக்கையை அடுத்த மகாநாட்டில் முன்வைப்போம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வேன் வரும். அதற்கு முன்னால் சனிக்கிழமை மாலை நாம் இங்கே கூடுகிறோம். கையில் பத்திர நகல் இருக்கிறவர்கள் அவசியம் எடுத்து வாருங்கள்.