பழைய கணினியைத் தூக்கி எறியுமுன்



2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்யும் ஓர் அம்மாள் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு. "டீச்சர், நாளைக்கு டவுனுக்குப் போறேன். என்னா கம்ப்யூட்டர் வாங்கறதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க" என்றார். கைக்குட்டைக்குள் அவருடைய சங்கிலி இருந்தது. அடகுக்கடை வழியாகத்தான் கணினிக் கடைக்குப் போவதாக இருந்தார்.

அவர் மகள் அப்போது நான்காம் படிவம். வீட்டில் ஒரு கணினி உண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பெட்டியைத் தாய்மாமன் மலிவாக வாங்கிக் கொடுத்தது. மூன்றாண்டுகள் ஓடியபின் அது தவழத் தொடங்கிவிட்டது. பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "இது செத்துப்போச்சு, புதுசு வாங்குங்க, ரெண்டாயிரம் வெள்ளிக்கு மேல ஆகும்" என்று கூறிவிட்டாராம்.

"போறத ஒரு நாள் தள்ளிப் போடுங்கக்கா. நான் வந்து பாக்கறேன்" என்றேன்.

நேயர்களே, கணினி பழசாகிவிட்டது என்பது ஒன்று. அது மெதுவாகிவிட்டது என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் நம் மக்களின் பணம் வீணாகிறது. மறுநாள் நான் போய்ப் பொத்தானை அழுத்தியபோது, திரை தயாராகி எழுத்து எழுத இடம் கொடுக்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த அம்மாள் அதற்குள் தேநீர் கலக்கிக் கொண்டுவந்துவிட்டார்! ஆனாலும் பெட்டி சாகவில்லை.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒருசேர அழுத்தினால், விண்டோஸ் கணினியில் 'டாஸ்க் மேனேஜர்' என்ற பக்கம் திறக்கும். செயலி, நினைவகம், வட்டு ஆகிய ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை பங்கு வேலை செய்கிறது என்பதை அது காட்டும். அந்தப் பெட்டியில் செயலி பதினைந்து பங்குகூட வேலை செய்யவில்லை. நினைவகம் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. வட்டோ நூற்றுக்கு நூறு என்று சிவந்து நின்றது. நோய் எங்கே இருக்கிறது என்பதை அந்த மூன்று எண்களே சொல்லிவிட்டன.

இதை விளங்கிக்கொள்ள, ரப்பர்க் காலத்துப் பால் ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். பெரியவர்கள் கண்டிருப்பீர்கள். தூரத்துக் கொட்டகைகளில் பால் சேரும். லாரி அதை ஏற்றிவந்து ஸ்டோர்த் தொட்டியில் ஊற்றும். உறைந்தபின் உருளை இயந்திரம் அதைத் தகடாக்கும். உருளை எவ்வளவுதான் வேகமாகச் சுற்றினாலும், லாரி வந்து சேராவிட்டால் உருளைக்காரர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கணினியில் செயலிதான் உருளை. நினைவகம், அதாவது ராம், பக்கத்திலிருக்கும் தொட்டி. தகவல்களைக் காலமெல்லாம் வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க், தூரத்துக் கொட்டகையும் லாரியும் சேர்ந்தது. தொட்டி சிறிதாகிவிட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. இடம் போதாமல், தொட்டியிலிருப்பதை வாளியில் மொண்டு தூரத்துக் கொட்டகைக்கே திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேண்டும்போது மறுபடியும் தூக்கிவர வேண்டும். அந்தப் பெட்டி பாதி நேரம் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

பழைய ஹார்ட் டிஸ்க்கினுள் ஒரு வட்டத் தகடு, பெரும்பாலான மேசைக் கணினிகளில் நிமிடத்துக்கு 7200 முறை, சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு சிறு கை அதன்மேல் முன்னும் பின்னும் நகர்ந்து தகவலைத் தேடும். ஒரு தகவலைத் தேடிப் பிடிக்க ஏறத்தாழ நூற்றில் ஒரு வினாடி ஆகும். அது சிறியதுதானே என்று எண்ணலாம். கணினி புறப்படும்போது அப்படித் தேட வேண்டியவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இப்போது அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற பொருள் கிடைக்கிறது. அதில் சுழலும் தகடும் இல்லை, நகரும் கையும் இல்லை, எல்லாம் சில்லுகளே. தேடும் நேரம் பழைய வட்டுக்கு ஆவதில் நூற்றில் ஒரு பங்குதான். ஆகவே, பழைய கணினிக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்று யாராவது என்னைக் கேட்டால், எஸ்.எஸ்.டி. என்றுதான் சொல்வேன். இரண்டாவது நினைவகம். மூன்றாவதாக நான் எதையும் சொல்வதில்லை. செயலியை மாற்றப் போனால் பெரும்பாலும் தாய்ப்பலகையை மாற்ற வேண்டிவரும், பலகையை மாற்றினால் பல வேளைகளில் நினைவகத்தையும் மாற்ற வேண்டிவரும். வாலைப் பிடித்தால் யானையே வந்துவிடும்.

காசு கொடுத்து எதையும் வாங்குமுன், காசில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதியில், கணினி எழும்போதே கூட எழுந்து உட்காரும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கும். அந்தப் பெட்டியில் பதினொன்று இருந்தன. வேண்டாதவற்றை நிறுத்தினேன். 'உங்கள் கணினியை வேகமாக்குகிறோம்' என்று தானே வந்து கூவிய மென்பொருள் ஒன்றும் அதில் இருந்தது. அத்தகையவற்றை ஒருபோதும் ஏற்றாதீர்கள். வேகத்தைக் கெடுப்பதே பல வேளைகளில் அதுதான். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். நம் செம்மண் புழுதியும் பல்லி எச்சமும் உள்ளே ஒரு விரற்கடை படிந்திருந்தன. காற்றாடி சுற்றத் திணறினால் செயலி சூடேறும். சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காய்ந்த வண்ணத்தூரிகை ஒன்றால் மெல்லத் தட்டி எடுத்தேன். ஈரத்துணி கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்டிக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் காற்றாடியோடு கூடிய ஓர் இரும்புக் கூடு இருக்கும். அதை எக்காரணங்கொண்டும் திறக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும். மற்ற பாகங்களைத் தொடுமுன் பெட்டியின் இரும்புச் சட்டத்தைக் கையால் தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடக்கூடும்.

அடுத்து, வாங்கும்போது ஏமாறாதிருப்பது பற்றி. நான் முதன்முதலில் என் சொந்தக் கணினிக்கு நினைவகம் வாங்கியபோது, பெரிதாகவும் புதிதாகவும் இருக்கட்டும் என்று வாங்கிவந்து, செருகப் பார்த்தேன், செருகவில்லை. டி.டி.ஆர். 3 கேட்கும் பலகைக்கு டி.டி.ஆர். 4 வாங்கியிருந்தேன். இரண்டுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும்; முன்னதில் 240 முனைகள், பின்னதில் 288. ஒன்று மற்றொன்றில் ஒருக்காலும் பொருந்தாது. கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆதலால், பழைய நினைவகத் துண்டைக் கழற்றிக் கையோடு எடுத்துச் சென்று, 'இதே வகை' என்று காட்டி வாங்குங்கள். பெரும்பாலும் 2014க்கு முந்திய கணினிகள் டி.டி.ஆர். 3 அல்லது அதற்கும் பழையவை. மடிக்கணினிக்கு உரிய துண்டு நீளத்தில் குறைவு. அதுவும் மேசைக் கணினிக்கு ஆகாது. இன்னொன்று: 2025ஆம் ஆண்டின் கடைசியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் நிலையங்கள் வாங்கிக் குவித்ததால், நினைவகத்தின் விலை உலகெங்கும் கிடுகிடுவென்று ஏறியது. எனவே யாரோ முன்பு சொன்ன விலையை நம்பிப் போகாமல், இரண்டு மூன்று கடைகளில் கேட்டபின் வாங்குவது நல்லது.

அந்த வீட்டுக் கணினிக்கு 240 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றை நூற்று முப்பது வெள்ளிக்கும், பயன்படுத்திய 4 ஜிகாபைட் நினைவகத் துண்டு ஒன்றை நாற்பது வெள்ளிக்கும் வாங்கினோம். முன்பிருந்த நான்கோடு சேர்த்து நினைவகம் எட்டாயிற்று. மேசைக் கணினியில் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்துவது இரண்டு கம்பி இணைப்பும் நான்கு திருகாணியும்தான்.

ஆனால், பொருத்துமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டில் என் கணினி மெதுவாகிவிட்டதென்று, விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் சரியாகும் என யாரோ சொல்லக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் உணவுக்குமுன் வட்டை முழுவதும் அழித்து ஏற்றினேன். கணினி வேகமாகத்தான் ஓடியது. மாலையில்தான் நினைவு வந்தது: என் தந்தையார், நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர், இறப்பதற்கு முந்திய தீபாவளியன்று பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. வேறெங்கும் படி இல்லை. அழித்ததன்மேல் புதிதாக எழுதிவிட்டபடியால் மீட்கவும் முடியவில்லை. என் தாயார் இன்றும் அந்தப் படங்களைக் கேட்பார். நான் என்ன சொல்வேன்?

அதனால் அந்த வீட்டில் முதல் வேலையாக, மகளின் பாடக் கோப்புகள், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு வெளி வட்டில் படி எடுத்து, அதை இன்னொரு கணினியில் செருகித் திறந்து பார்த்தேன். படி எடுத்தால் மட்டும் போதாது; திறக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் எண்ணினாள். அதன் பின்னரே திருகாணியைத் தொட்டேன். பழைய வட்டையும் வீசவில்லை. படிகள் வைக்க அதே பெட்டிக்குள் இரண்டாவது வட்டாக இருக்கவிட்டேன்.

அன்று மாலை கணினி அரை நிமிடத்துக்குள் எழுந்து நின்றது. அந்த அம்மாள் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தார். அது கொதிக்கவே இல்லை.

இன்னொரு சில்லறைச் செய்தி. பழைய கணினியில் தேதி அடிக்கடி பின்னோக்கிப் போய்விடும். தேதி தவறினால் இணையப் பக்கங்கள் பல திறக்க மறுக்கும். பெரிய பழுது என்று அஞ்ச வேண்டாம். பலகையில் பத்துக் காசு அளவில் ஒரு வட்ட மின்கலம் இருக்கும், பெரும்பாலும் சி.ஆர். 2032 என்று அதில் எழுதியிருக்கும். சில வெள்ளிதான், புதியது போட்டுத் தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது.

எல்லாப் பெட்டிகளையும் காப்பாற்றலாம் என்று நான் கூறவில்லை. தாய்ப்பலகையில் நிற்கும் சிறு உருளைகள் தலை வீங்கியிருந்தாலும், டி.டி.ஆர். 2 காலத்துப் பெட்டியாக இருந்தாலும், அதற்குச் செலவழிக்கும் காசு திரும்பாது. அப்படிப்பட்டதைப் பார்த்தால் நானே, "விட்டுடுங்கக்கா" என்றுதான் சொல்வேன். புதியது வாங்க வசதியில்லையென்றால், அலுவலகங்கள் கழித்துவிடும் சற்றுப் பிந்திய கணினி ஒன்றை எஸ்.எஸ்.டி.யுடன் வாங்குவது மேல்.

விண்டோஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான பாதுகாப்பு, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. தனியார் பயன்படுத்துவோர் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்றும் அறிவித்தது. விண்டோஸ் 11 எல்லாக் கணினியிலும் ஏறாது; இன்டெல் செயலியானால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அந்த வீட்டுப் பெட்டியில் இருப்பது மூன்றாம் தலைமுறை. எஸ்.எஸ்.டி. போட்டாலும் இது மாறாது. இதை முன்கூட்டியே சொல்லாமல் பாகங்களை விற்பது நேர்மையாகாது.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் விலையின்றிக் கிடைக்கிறது. அதை ஒரு சிறு யு.எஸ்.பி. குச்சியில் ஏற்றி, வட்டைத் தொடாமலேயே அந்தக் குச்சியிலிருந்து கணினியை இயக்கிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் மட்டுமே நிரந்தரமாக ஏற்றிக்கொள்ளலாம். கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீஸ் அதனுடனேயே வருகிறது. உலாவியில் திறப்பதெல்லாம் அதிலும் திறப்பதால், கல்வியமைச்சின் டெலிமா தளத்துக்கும் தடையில்லை. சில அச்சுப்பொறிகள் முதலில் முரண்டு பிடிக்கும். ஆகவே குச்சியில் ஓட்டும்போதே அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள்.

2025 தீபாவளி விடுமுறையில் அந்தப் பெட்டிக்கு லினக்ஸ் மின்ட்டை ஏற்றினோம். படி எடுத்தபின்தான்! அக்காள் எஸ்.பி.எம். எழுதி முடித்துவிட்டபடியால் இப்போது அது தம்பியின் கணினி. பாடமெல்லாம் நன்றாக ஓடுகிறதாம். ஆனால் அவன் விரும்பிய ஒரு விளையாட்டு மட்டும் அதில் ஓடவில்லையென்று என்னிடம் வந்து முறையிட்டான். அதைச் சரிசெய்யச் சொல்லி அவன் தாயார் இதுவரை என்னைக் கேட்கவில்லை. சங்கிலி அவர் கழுத்தில்தான் இருக்கிறது.